மூத்த வீட்டுக் கால்நாட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் முப்பிடாதி அம்மன் கோயில் மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிற்பாடு ஆளுக்கு ஒரு விதமாகப் பேசினார்கள். தர்மகர்த்தா மாரிராஜ் இருந்தார். பூசாரி சுடலைமாடன் இருந்தார். மூத்த வீட்டு ஆறுமுகநயினார் தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து சம்சாரம் சண்முகத்தாயோடு காலை பஸ்ஸில் வந்திருந்தார். அவர்களுடைய ஒரே மகள் பொன்செல்வி இருந்தாள். கல்லூரியில் சமூகவியல் பேராசிரியை. மருமகன் முத்துச்செல்வம், பொன்செல்வியிடம் ஆராய்ச்சி படிக்கும் கீழவைப்பார்ப் பெண் ஜெயஷீலா, இளைய வீட்டு சொரிமுத்து, அவர் மனைவி சுடலைச்செல்வி, இவர்கள் போக ஊர்க்காரர்கள் மண்டபம் நிறைய. சொரிமுத்துவின் இளைய மகன் பாலகணேஷ் அங்கே இல்லை. அவனும் இருந்தான் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அவன் ஓசூரில் இருந்தான். குரல் மட்டும்தான் வந்தது.

கொற்கையைத் தாண்டி, வடகால் வாய்க்காலின் தண்ணீர் கடைசியாகப் பாய்கிற ஊர் அது. சித்திரை முடிவில் அம்மனுக்குக் கொடைத் திருவிழா. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கோயில் வாசலில் குழி தோண்டிப் பால் ஊற்றி, மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டிய கம்பை நடுவார்கள். அதுதான் கால்நாட்டு. அந்தக் கம்பை முதலில் பிடித்து நிறுத்துவது மூத்த வீட்டுக் கை. மூத்த வீட்டுக் கை படாமல் அந்த வாசலில் ஒரு பந்தல் எழுந்ததில்லை.

ஆறுமுகநயினார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து மரத்தடியும் உர மூட்டையும் தூக்கிய கை அவருடையது. அவர் தூக்கிய கட்டு ஒன்றுகூட நழுவியதில்லை. துறையில் எத்தனை கப்பல் காத்துக்கிடந்தாலும் கால்நாட்டுச் செவ்வாய்க்கு லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவார். இந்த வருஷம்தான் வலது தோள் இறங்கிவிட்டது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பை நிறுத்த இன்னொரு கை வேண்டும். அது யாருடைய கை என்பதுதான் அன்றைக்குப் பேச்சு.

கலியாணமான ஆண் ஒவ்வொருவனும் அந்த ஊரில் ஒரு தலைக்கட்டு. கொடை வரியும் தலைக்கட்டுக்குத்தான், கோயில் உரிமையும் தலைக்கட்டுக்குத்தான். பெண் கட்டிக்கொடுத்த இடத்துக் கோயிலைச் சேர்ந்தவள். அப்படிப் பார்த்தால் மூத்த வீடு ஆறுமுகநயினாரோடு சரி. அவருடைய சித்தப்பா மகன் சொரிமுத்து ஒரு வருஷமாக ஒரு யோசனை சொல்லிக்கொண்டு திரிந்தார். பாலகணேஷை அண்ணாச்சி பிள்ளையாக ஏற்றுக்கொள்ளட்டும், கை வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்றார். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் அது பிள்ளையைக் கொடுத்துக் கம்பை வாங்குகிற யோசனை என்பது ஆறுமுகநயினாருக்குத் தெரியும். பதில் சொல்லாமலே இருந்தார்.

மூத்த வீட்டில் ஏன் ஒரே பிள்ளை என்பதற்கு ஊர் எப்போதோ காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயைச் சண்முகத்தாய் விற்றுவிட்டாள். அதனால் பொன்செல்வியோடு அவள் வயிறு மூடிக்கொண்டது. வளைகாப்பு வீடுகளில் முதல் வளையல் போட அவளைக் கூப்பிட மாட்டார்கள். அவளும் ஒன்றும் சொல்லாமல், பந்தியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டு விஷயத்தை வீதியில் வைக்கும் பழக்கம் மூத்த வீட்டில் ஆணுக்கும் இல்லை, பெண்ணுக்கும் இல்லை.

மாரிராஜ் தொண்டையைச் செருமினார்.

"வரிப் பேச்சுக்கு முன்னால நம்ம பொன்செல்வி கொஞ்சம் பேசட்டும். ரெண்டு வருசமா வீடு வீடா ஏறி இறங்கிருக்கா. ஊர்ல பிள்ளைகுட்டி ஏன் குறைஞ்சு போச்சுன்னு ஆராய்ச்சி. என்ன கண்டாள்னு நாமளும் கேக்கணும்லா."

பொன்செல்வி எழுந்து மைக்கை வாங்கினாள். மற்றவர்களெல்லாம் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறுமுகநயினார் சாயவில்லை. தோள் நொந்தது, இருந்தாலும் நிமிர்ந்தே இருந்தார். அந்த மண்டபத்தில் அதுவரை மைக்கைப் பிடித்த பெண் யாரும் கிடையாது. முதலில் பிடித்தவள் தன் மகள்.

"நம்ம பாட்டிமாருக்கு ஏழு, எட்டு. அம்மாமாருக்கு மூணு, நாலு. இப்ப ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. ஏன்னு கேட்டதுக்கு எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னீங்க. பொம்பளப் பிள்ளைக படிச்சுட்டாளுவ, பெத்துக்க உடம்பு வளையல அப்படின்னு."

"உள்ளதத்தான சொன்னோம்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"உள்ளது இல்ல மாமா. அந்தப் பிள்ளைகளையே தனியா உக்கார வச்சுக் கேட்டோம். ரெண்டு வேணும்னு சொன்னவதான் அதிகம். பின்ன ஏம்மா ஒண்ணோட நிறுத்தினேன்னா, 'யாரு பாக்க?'ன்னு எங்களையே திருப்பிக் கேக்கா. புருசன் ஓசூர்ல, மாமியா ஊர்ல, பெத்த அம்மை இறால் கம்பெனியில. பிள்ளையத் தொட்டில்ல போட்டுட்டு யாரு ஆட்ட? அது மட்டும் இல்ல. நம்ம தெருவுல முப்பத்தஞ்சு வயசு தாண்டியும் கலியாணம் ஆகாத பையங்க எத்தன பேரு இருக்காங்க? வயல்காரனுக்குப் பொண்ணு இல்லன்னு சொல்லுதது யாரு? இன்னொரு வயல்காரர்தான். நம்ம மகனுக்குப் பொண்ணு வேணும், நம்ம மகளுக்கு மட்டும் கவர்மெண்டு மாப்பிள்ளை வேணும்."

மண்டபம் சிரித்தது. சிரிக்காமல் இருந்த இரண்டு பேருக்குத் தலா ஒரு கலியாணமாகாத மகன் இருந்தான்.

"பிறப்பு குறையுதுன்னா அது ஒரு பொம்பளையோட பிடிவாதம் இல்ல. ஒரு குடும்பம் எப்படி நடக்கு, யாரு எங்க வேலைக்குப் போறா, யாரு யாரப் பாத்துக்கிடுதா, எல்லாம் சேந்து வாரது. ஆனா பாரம் மட்டும் ஒரு பக்கம்தான். குடும்பக் கட்டுப்பாடுன்னு ஒண்ணு வந்துச்சு. ஆபரேஷன் பண்ணிக்கிட்டது பூரா பொம்பளைங்க. எங்க அப்பா தலைமுறையில இந்த ஊர்ல ஒரு ஆம்பளகூடப் பண்ணிக்கிடல. ஒருத்தர்கூட. இதக் கட்டுரையில எழுதிருக்கேன். அடுத்த மாசம் பத்திரிகையில வருது."

அதுவரை ஒவ்வொரு வார்த்தையாக வாங்கி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்த ஆறுமுகநயினார் அந்த இடத்தில் அடுக்குவதை நிறுத்திவிட்டார்.

சொந்த வீட்டில் தானே போய்க் கேள்வி கேட்பது பொன்செல்வியின் படிப்பில் சரியான வழக்கம் அல்ல. அதனால் மில்லர்புரத்துக்கு ஜெயஷீலாவை அனுப்பியிருந்தாள். ஆறுமுகநயினார் அந்தப் பிள்ளைக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, "உங்க தாத்தா சங்கு குளிச்சவரா, முத்துக் குளிச்சவரா?" என்று கேட்டார். இரண்டுக்கும் போனவர் என்று அவள் சொல்ல, பேச்சு கடலுக்குள் போய்விட்டது. வயல், படிப்பு, வேலை எல்லாம் கேட்டாள். யார் ஆபரேஷன் செய்துகொண்டது என்ற கேள்வி வந்தபோது வெள்ளை வேட்டியும் விபூதியுமாக எதிரே இருந்த மனிதரை ஒரு தடவை பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எல்லா வீட்டிலும் வந்த பதில்தானே இங்கேயும் இருக்கும் என்று தானே நிரப்பியும் விட்டாள்.

இப்போது பேசாமல் இருந்துவிடலாம். இத்தனை காலம் இருந்த மாதிரி. ஆனால் மகள் எழுதியதில் ஒரு தவறு அச்சாகி வெளியே போகும். ஆறுமுகநயினார் மகள் விசாரிக்காமல் எழுதிவிட்டாள் என்று நாளை எவனாவது சொல்லலாம். கொக்கியில் கட்டு கோணலாக மாட்டியிருந்தால் கிரேன்காரன் தூக்க மாட்டான்; இறக்கி வைத்து மறுபடியும் கட்டச் சொல்லுவான். அவர் பெண்கள் பக்கம் திரும்பி மனைவியைப் பார்த்தார். இது அவளுக்கும் சொந்தமான விஷயம். சண்முகத்தாய் முந்தானையைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு, சொல்லுங்க என்பதுபோல மோவாயை உயர்த்தினாள்.

அவர் எழுந்தார்.

"பொன்செல்வி, அது தப்பு."

"எதுப்பா?"

"ஒரு ஆம்பளகூட இல்லன்னு எழுதிருக்கியே, அது. ஒருத்தன் உண்டு."

"யாருப்பா? எல்லா வீட்டுலயும் கேட்டோமே."

"நம்ம வீட்டுல கேட்டியளா?"

பொன்செல்வி ஜெயஷீலாவைப் பார்த்தாள். ஜெயஷீலா எழுந்து நின்றாள். "நான் கேக்கல மேம். தாத்தாகிட்ட அத எப்படிக் கேக்கன்னு…"

"பிள்ளைய ஒண்ணும் சொல்லாத. மரியாதை தெரிஞ்ச பிள்ளை," என்றார் ஆறுமுகநயினார். "நான்தான் பண்ணிக்கிட்டேன். நீ பிறந்த மறு வருசம். துறைமுகத்துல ரெண்டு நாள் கிரேன்ல ஏறக் கூடாதுன்னாங்க. ஏறல. மூணாம் நாள் ஏறிட்டேன். இத எழுதிக்க."

முதலில் வாயைத் திறந்தவர் சொரிமுத்து.

"அண்ணாச்சி! என்ன சொல்லுதீய?"

"தமிழ்லதானலே சொல்லுதேன். எங்க தாத்தாவுக்கு அஞ்சு ஆம்பளப் பிள்ளை. வயலப் பங்கு வச்சப்ப எங்க அய்யா துண்டுல ஏர் திரும்ப இடமில்ல. இவளுக்கு மொதப் பிரசவமே உயிர் போய் உயிர் வந்தது. ஒண்ணு போதும்னு ரெண்டு பேரும் உக்காந்து முடிவு பண்ணோம். மறுபடியும் அவளக் கத்திக்குக் கீழ படுக்க வைக்க எனக்கு மனசில்ல. நான் போய்ப் படுத்தேன்."

"அப்ப மூத்த வீட்டு வம்சத்த நீங்களே அறுத்துட்டியளா?"

"வம்சம் அங்கன நிக்குது, மைக்கப் பிடிச்சுக்கிட்டு. நல்லாப் பாத்துக்க."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில்தான் சலசலப்பு. சுடலைச்செல்வி சண்முகத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, இத்தன வருசமா வாயத் தொறக்கலியே நீ! ஊரே கிடாய வித்தன்னுல்லா பேசிச்சு!"

"ஏளா, நாங்க கிடாயே வளத்ததில்ல," என்றாள் சண்முகத்தாய். "அதக்கூட ஒருத்தி வந்து கேக்கல."

பொன்செல்விக்குக் கண் கலங்கியதா என்று கேட்டால், கலங்கியது. ஆனால் குரல் கலங்கவில்லை. மைக்கை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு சொன்னாள்: "தப்பு எங்க மேலதான். ஊர் பூராவும் கேட்டுட்டு எங்க வீட்டுல கேக்காம விட்டுட்டோம். திருத்திடுதேன்."

ஆறுமுகநயினார் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகும் தூணில் சாயவில்லை.

சொரிமுத்து அத்தோடு விடுகிற ஆள் இல்லை. "அது அவங்க வீட்டு விசயம். கோயில் விசயத்துக்கு வருவோம். அண்ணாச்சிக்குக் கை தூக்க முடியாது. பொன்செல்வி மறுவீடு போனவ. அவளுக்கும் ஒண்ணே ஒண்ணு, அதுவும் பொட்டப் பிள்ளை. செவ்வாக்கிழமை கம்பப் பிடிக்க ஆம்பளக் கை வேணும். எம் மவன் பாலகணேஷ் பிடிக்கட்டும். இன்னைக்கே முடிவு பண்ணிருவோம்."

"அவன் வாரானா?" என்றார் மாரிராஜ்.

"வராம? சொன்னா ஓடி வருவான்."

"போனப் போடும். எல்லார் காதுலயும் விழட்டும்."

சொரிமுத்து நம்பிக்கையோடுதான் போட்டார். ஸ்பீக்கரில் வைத்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். பாலகணேஷ் எடுத்தான்.

"எப்பா, ஷிஃப்டுல இருக்கேன், வெரசாச் சொல்லுங்க."

"ஏலே, செவ்வாக்கிழமை கால்நாட்டு. மூத்த வீட்டுக் கம்ப நீதான் பிடிக்கணும். கெளம்பி வா."

"செவ்வாக்கிழமையா? லீவு கிடையாதுப்பா. கொடைக்கே ஒரு நாள்தான் தந்திருக்கான். அந்தக் கம்பப் பெரியப்பாதான பிடிப்பாங்க?"

"பெரியப்பாவுக்குத் தோள் சரியில்லலே."

"பின்ன என்ன, பொன்செல்வி அக்கா இருக்காள்ல? போன தடவ பந்தல் போட்டப்ப மூங்கில் இறக்க என்கூட நின்னது அவதான். நம்ம அண்ணன் வெளிய எட்டிக்கூடப் பாக்கல."

"ஏலே, உன்னப் பெரியப்பா வீட்டுப் பிள்ளையா ஏத்துக்கிடச் சொல்லி…"

"அதெல்லாம் நமக்கு வேண்டாம்ப்பா. அப்புறம், அக்கா அங்கன இருந்தாச் சொல்லிருங்க. போன மாசம் கேட்டாளே, அடுத்த பிள்ளை எப்பன்னு. நானும் கவிதாவும் பேசிட்டோம். ஒண்ணு போதும். வச்சிருதேன்."

போன் அணைந்தது. சொரிமுத்து கையை அப்படியே ஏந்திக்கொண்டு நின்றார். அவர் மனைவி சுடலைச்செல்விதான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்து, முடியாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "போங்க, போய் ஓசூர்ல கால் நாட்டிட்டு வாங்க!"

மாரிராஜ் பூசாரியைப் பார்த்தார். "என்னவே சொல்லுதீரு?"

சுடலைமாடன் மடியிலிருந்த விபூதிப் பையைச் சரிசெய்துகொண்டார். "நான் என்னத்தச் சொல்ல? குழி தோண்டிப் பால ஊத்திட்டு, ஓசூர் பஸ் வருதான்னு பாத்துக்கிட்டு நிக்க முடியாது. கம்ப யாராச்சும் பிடிக்கணும்லா."

"பொம்பளக் கையி…" என்று ஒருவர் இழுத்தார்.

"உள்ள இருக்கது யாரு, ஆம்பளையா?" என்றாள் சுடலைச்செல்வி.

மாரிராஜ் மருமகனிடம் கேட்டார்: "மாப்ளே, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எங்க கோயில் வரி எங்க தலைக்கட்டுல வந்துரும் மாமா. இங்கன அவளுக்குத் தனியா ஒரு வரி போட்டுக்கோங்க. கம்பு பிடிக்க என்னக் கூப்பிடாம இருந்தாப் போதும்," என்றார் முத்துச்செல்வம்.

ஆறுமுகநயினார் அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அது உரிமையாகாது. மாரிராஜ் தாமாக எழுந்து அவர் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அடியில நீங்க பிடிங்க. மேல பிள்ளை பிடிக்கட்டும். மூத்த வீட்டு வரி இனிமே அவ பேர்லயே இருக்கட்டும்."

"ஆகட்டும்," என்றார் ஆறுமுகநயினார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் குழி தோண்டினார்கள். பூசாரி பாலை ஊற்றினார், நவதானியத்தைப் போட்டார். பொன்செல்வி அரக்குப் பட்டுச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பை அணைத்துத் தூக்கினாள். அடியில் அப்பாவின் கை. "எடம் பாத்து, எடம் பாத்து, வடக்க கொஞ்சம்," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்; துறைமுகத்தில் கீழே நின்று கைகாட்டுகிறவன் சொல்வதைப் போல. கம்பு குழியில் இறங்கி நின்றது. குலவைச் சத்தம் எழுந்தது. முதலில் குலவையிட்டவள் சண்முகத்தாய். அந்த மாதமே ஊரில் ஒரு வளைகாப்பு வந்தது; முதல் வளையலை அவளைத்தான் போடச் சொன்னார்கள். போட்டாள். பந்தியில் வழக்கம்போல நிதானமாகச் சாப்பிட்டாள்.

கட்டுரை திருத்தி வெளிவந்தது. பொன்செல்வி மில்லர்புரத்துக்குக் கொண்டுவந்து அந்த வரியைக் காட்டினாள். "அந்தத் தலைமுறையில் ஓர் ஆண் மட்டும், ஓய்வுபெற்ற கிரேன் இயக்குநர் ஒருவர், தாமே முன்வந்து கருத்தடை அறுவை செய்துகொண்டார்" என்று இருந்தது.

"ஏளா, பேரு எங்க?"

"ஆராய்ச்சியில பேரு போடக் கூடாதுப்பா. யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது."

"ஊரே கேக்க மண்டபத்துல சொன்னவன் நான். எனக்கு என்ன ஒளிவு?"

"விதிப்பா."

"என்ன விதியோ," என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடியும் படித்தார். தவறு ஒன்றும் இல்லை. அலமாரியில் பணி ஓய்வுச் சான்றிதழுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தார்.

பொம்பளை பிடித்த கம்பு என்பதால் அந்த வருஷம் கொடைக்கு நடுவிலேயே கால் சாய்ந்துவிட்டது என்று ஊரில் இப்போதும் ஒரு பேச்சு உண்டு. கால் சாயவில்லை. கொடை முடிந்து பந்தல் பிரித்த அன்று அதைப் பிடுங்க மூன்று ஆண்கள் வேண்டியிருந்தது. அதில் ஒருவர் சொரிமுத்து.